ஒரு நாட்டுக்குப் பயங்கரவாத முத்திரை விழுந்தால் அந்தச் செய்தியைப் படிப்பது எப்படி

2025 ஜூன் 5ஆம் தேதி மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் சாட் நாட்டின் அதிபர் மகமத் இத்ரிஸ் தேபி ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கா 12 நாடுகளின் குடிமக்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது, அந்தப் பட்டியலில் சாட் நாடும் இருந்தது. பதிலுக்கு அமெரிக்கர்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்தும்படி தன் அரசுக்கு உத்தரவிட்டிருப்பதாகச் சொன்னவர், எங்களிடம் கொடுக்க விமானமும் இல்லை, பில்லியன் கணக்கில் டாலரும் இல்லை, மானமும் பெருமையும் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். கத்தார் ஒரு போயிங் விமானத்தை அமெரிக்க அரசுக்குப் பரிசாகக் கொடுத்த செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது, அதனால் குத்து யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. பதிவு உலகம் முழுக்கச் சுற்றியது.

எனக்கும் அந்த வரிகள் பிடித்தன. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நடந்ததில் பாதிகூடத் தெரியாது. ஏன் சாட், அதில் அடிபட்டவர்கள் யார், இதே நாடு 2017இல் இதே மாதிரி ஒரு பட்டியலில் விழுந்து அரை வருடத்தில் எப்படி வெளியே வந்தது, அந்த வழி இந்தத் தடவை ஏன் அவ்வளவு சுலபமாக இல்லை, இதெல்லாம் அந்தப் பதிவில் கிடையாது. ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பயங்கரவாத ஆபத்து என்று சொல்வதும், சொல்லப்பட்ட நாடு கொதிப்பதும் அடிக்கடி வரும் செய்திதான். நாம் பெரும்பாலும் கொதிப்பை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதை முழுசாகப் படிக்க ஒரு வழி சொல்கிறேன்.

எந்த முத்திரை என்று முதலில் பாருங்கள்

தலைப்பில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். உள்ளே போனால் குறைந்தது நாலு வகை இருக்கிறது, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுக்கு வேறு வேறு.

ஒன்று, பயண எச்சரிக்கை. இது ஒரு அரசு தன் சொந்த மக்களுக்குச் சொல்வது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2018இலிருந்து உலக நாடுகளை 1 முதல் 4 வரை நிலை பிரித்து வைத்திருக்கிறது, 1 என்றால் வழக்கமான கவனம் போதும், 4 என்றால் போகவே வேண்டாம். ‘அமெரிக்கா எச்சரிக்கை’ என்று பெரிய எழுத்தில் வரும்போது உடனே நிலை எண்ணைத் தேடுங்கள். இந்தியா பல வருடங்களாக பெரும்பாலும் இரண்டாம் நிலையில்தான் இருந்துவருகிறது, சில பகுதிகளுக்கு மட்டும் அதைவிடக் கடுமையான வார்த்தைகள். பிரான்ஸும் ஜெர்மனியும் பிரிட்டனும் பயங்கரவாதத்தைக் காரணம் காட்டி இதே இரண்டாம் நிலையில் வைக்கப்பட்டவைதான். பாரிஸுக்கும் இதே எண் என்று தெரிந்த பிறகு அந்தத் தலைப்பின் சூடு கொஞ்சம் இறங்கும்.

இரண்டாவது நுழைவுத் தடை. இது அடுத்த நாட்டு மக்களுக்கு எதிரானது, சாட் நாட்டுக்கு விழுந்தது இதுதான். மூன்றாவது, பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் அரசுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல். 1979இல் ஆரம்பித்தது, குற்றச்சாட்டு நேரடியாக அரசின்மீதே, உதவி, ஆயுத விற்பனை, உலக வங்கிக் கடன் எல்லாம் அடைபடும். நாலாவது, பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கவில்லை என்று பாரிஸில் இருக்கும், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு போடும் சாம்பல் பட்டியல், அதாவது கண்காணிப்புப் பட்டியல். இதைப் போடுவது ஒரு தனி நாடு இல்லை, ஆனால் வலி அதே வலிதான். பாகிஸ்தான் 2018 ஜூனிலிருந்து 2022 அக்டோபர் வரை அதில் இருந்து, 34 வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக் காட்டித்தான் வெளியே வந்தது.

வகையைப் பிரிப்பது எதற்கு என்றால், ஒவ்வொன்றுக்கும் வெளியே வரும் வாசல் வேறு. பயண எச்சரிக்கையை எடுக்கவைக்க விமான நிலையத்திலும் கடற்கரையிலும் வேலை நடக்கவேண்டும். நுழைவுத் தடையை எடுக்கவைக்க பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை நடக்கவேண்டும். மூன்றாவது பட்டியலிலிருந்து வெளியே வர வாஷிங்டனில் யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து கூடிவர வேண்டும். கியூபாவைப் பாருங்கள்: 1982இல் சேர்த்தார்கள், 2015இல் ஒபாமா காலத்தில் எடுத்தார்கள், 2021 ஜனவரியில் டிரம்ப் ஆட்சி போகும்போது திரும்பச் சேர்த்தது, 2025 ஜனவரி 14 அன்று எடுக்கப்போவதாக பைடன் அறிவித்தார், ஆறே நாளில் டிரம்ப் திரும்ப வந்து அதை ரத்து செய்தார். அந்த ஆறு நாளில் கியூபா புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

மூல ஆவணத்தில் அந்த நாட்டின் பத்தியைத் தேடுங்கள்

முக்கியமான வேலை இதுதான், பத்து நிமிடம்கூட ஆகாது. அமெரிக்கத் தடைகள் அதிபரின் பிரகடனமாக வரும், வெள்ளை மாளிகைத் தளத்திலேயே முழுதாகக் கிடைக்கும். அதில் நாட்டுக்கு ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியை மட்டும் படியுங்கள்.

2025 ஜூன் பிரகடனத்தின் தலைப்பில் வெளிநாட்டுப் பயங்கரவாதிகளிடமிருந்து அமெரிக்காவைக் காப்பது என்ற வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் சாட் நாட்டுப் பத்திக்குப் போனால் அங்கே முதன்மையாக நிற்பது விசா காலம் முடிந்தும் திரும்பாமல் தங்கிவிடுகிறவர்களின் கணக்கு. தொழில், சுற்றுலா விசாவில் வந்தவர்களில் 49.54 சதவீதம், படிப்பு மற்றும் பரிமாற்ற விசாவில் வந்தவர்களில் 55.64 சதவீதம். இது சின்ன எண் இல்லை, அமெரிக்கா கவலைப்பட நியாயம் உண்டு. ஆனால் இது குடியேற்றப் பிரச்சினை. தங்கிவிட்ட மாணவனையும் குண்டு வைக்கிறவனையும் ஒரே தலைப்பின் கீழ் நிறுத்தியதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் வெளியே சுற்றுவது தலைப்பு மட்டும்தான். காங்கோ குடியரசின் நிலைமையும் அதேதான், அங்கேயும் காரணம் விசாக் கணக்கு. அதன் தலைநகர் பிராஸவில்லில் அரசின் செய்தித் தொடர்பாளர் தியெரி முங்கல்லா வந்து, காங்கோ பயங்கரவாத நாடு இல்லை, இதில் ஏதோ தவறான புரிதல் இருக்கிறது என்று விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

2017 செப்டம்பர் 24 பிரகடனத்தில் சாட் பத்தி இன்னும் விசித்திரம். பயங்கரவாதிகளுக்கு எதிரான போரில் சாட் முக்கியமான கூட்டாளி என்று அதுவே சொல்கிறது. அடுத்த மூச்சில், பாதுகாப்புத் தகவல்களைப் போதுமான அளவு பகிர்ந்துகொள்வதில்லை, போகோ ஹராம் மாதிரி ஆயுதக் குழுக்கள் நாட்டுக்குள்ளோ சுற்றுவட்டாரத்திலோ இயங்குகின்றன என்கிறது. அந்தக் குழுக்களோடு சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தவர்கள் சாட் சிப்பாய்கள். 2013இல் மாலியின் வடக்கு மலைகளில் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து போனவர்கள், போகோ ஹராமுக்கு எதிரான கூட்டுப்படையின் தலைமையகத்தைத் தங்கள் தலைநகர் என்ஜமேனாவிலேயே வைத்திருந்தவர்கள்.

அப்புறம்தான் பாஸ்போர்ட் தாள் விஷயம் வெளியே வந்தது. தடைக்கு முன்னால் எல்லா நாடுகளுக்கும் 50 நாள் கெடு கொடுத்து, சில ஆவணங்களைக் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று, தற்போது வழங்கும் பாஸ்போர்ட்டின் மாதிரி. அசோசியேட்டட் பிரஸ் அப்போது வெளியிட்ட செய்திப்படி சாட் அரசிடம் பாஸ்போர்ட் அச்சடிக்கும் தாள் தீர்ந்துபோயிருந்தது, அதனால் புது மாதிரியைக் கொடுக்க முடியவில்லை. அதே வகைப் பழைய பாஸ்போர்ட்டைக் கொடுக்க முன்வந்தார்கள், அது செல்லவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், தகவல் பகிர்வுப் புகாரும் இருந்தது. ஆனாலும் ஒரு நாடு பயங்கரவாத ஆபத்தாகப் பட்டியலில் ஏறும்போது அதற்குப் பின்னால் ஒரு அலுவலக அலமாரியில் தாள் இல்லாததும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். குற்றச்சாட்டின் கனத்தையும் காரணத்தின் கனத்தையும் தனித்தனியாக எடைபோட இது பழக்கும்.

வாய் பேசுவதையும் கை செய்வதையும் தனியாகக் குறியுங்கள்

முத்திரை விழுந்ததும் வரும் முதல் அறிக்கை பெரும்பாலும் உள்ளூர் மக்களுக்கானது. அதில் தப்பில்லை, அவமானப்பட்ட மக்கள் தங்கள் அரசு பேசுவதைக் கேட்கவேண்டும். ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்து ‘பதிலடி கொடுத்தது’ என்று முடிவுகட்டாமல், ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு பக்கம் சொன்னதையும் மறுபக்கம் செய்ததையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

2017இல் சாட் அரசு சொன்னது, இந்த முடிவு எங்களுக்குப் புரியவில்லை என்பது. திருத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டது, கத்தவில்லை. செய்ததில் இரண்டு வகை. தடை அறிவிப்பு வந்து மூன்றே வாரத்தில், நைஜர் நாட்டின் டிஃபா பகுதியில் போகோ ஹராமுக்கு எதிராக நின்றிருந்த நூற்றுக்கணக்கான சாட் சிப்பாய்கள் கிளம்பிவிட்டார்கள். இதையும் தடையையும் பலரும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள், அந்தப் பகுதி மக்களோ பாதுகாப்பில்லாமல் நின்றார்கள். இன்னொரு வகை வேலை சத்தமில்லாமல் நடந்தது: பாஸ்போர்ட்டை இன்னும் பாதுகாப்பானதாக மாற்ற நடவடிக்கை, தொலைந்த, திருடுபோன பாஸ்போர்ட் விவரங்களைப் பகிர்வது, சந்தேக நபர்களைப் பற்றிய தகவல் பரிமாற்றம். 2018 மார்ச் 12 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் என்ஜமேனாவுக்கே வந்தார், அடுத்த நாளே அவர் பதவி போனது, ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஏப்ரல் 10 அன்று சாட் பெயரை நீக்கும் பிரகடனம் வந்தது, காரணமாக அதில் எழுதியிருந்தது அந்தப் பாஸ்போர்ட், தகவல் வேலைகளைத்தான்.

ஈராக் இன்னும் தெளிவான பாடம். 2017 ஜனவரி 27 அன்று டிரம்ப் முதல் தடையைப் போட்டபோது ஏழு நாடுகளில் ஈராக்கும் ஒன்று. ஈராக் படைகள் அப்போது மொசூலில் ஐ.எஸ். அமைப்போடு தெருத்தெருவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, அமெரிக்கப் படையின் உதவியோடு. அமெரிக்கர்களுக்காக மொழிபெயர்ப்பாளராக உயிரைப் பணயம் வைத்தவர்கள்கூட விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார்கள். பாக்தாத் நாடாளுமன்றம் கொதித்து, பதிலுக்கு அமெரிக்கர்களைத் தடுக்கவேண்டும் என்று ஜனவரி 30 அன்று வாக்களித்தது. பிரதமர் ஹைதர் அல் அபாதி அடுத்த நாளே வந்து, இப்போது நாங்கள் பதிலுக்குப் பதில் செய்யப்போவதில்லை, எங்களுக்கு ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் பேசிவிட்டார். விசா சோதனைத் தகவலைக் கூடுதலாகத் தருவது, அமெரிக்கா திருப்பி அனுப்பும் ஈராக்கியர்களை ஏற்பது என்று சில விஷயங்களில் உடன்பட்டார்கள். மார்ச் 6 அன்று வந்த திருத்திய உத்தரவில் ஈராக் இல்லை. அபாதியை அன்றைக்குக் கோழை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது. ஆனால் திருப்பி அனுப்பப்படும் ஆட்களை ஏற்கச் சம்மதித்ததில், அமெரிக்காவிலேயே பல வருடம் வாழ்ந்த ஈராக்கியர்கள் பலர் பேரத்தின் விலையாக மாறிப்போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

முத்திரையைத் திருப்பிக் குத்துவதும் ஒரு வகைப் பதில். 2019 ஏப்ரலில் ஈரானின் புரட்சிக் காவல்படையை அமெரிக்கா பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது, அதே நாளில் ஈரான் அமெரிக்காவின் மத்தியக் கட்டளைப் படையைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. 2025இல் வெனிசுவேலாவின் உள்துறை அமைச்சர் தியோஸ்தாதோ கபேயோ, அமெரிக்காவில் இருப்பதே யாருக்கும் பெரிய ஆபத்து என்றார். இந்த வகைப் பதிலுக்குப் பின்னால் பேச்சுவார்த்தையை எதிர்பார்க்காதீர்கள். அதே வாரம் சோமாலியாவின் தூதர் தாஹிர் ஹசன் அப்தி, பேசித் தீர்க்கத் தயார் என்றார். ஒரே பிரகடனம், இரண்டு நாடுகளின் நிலைமை வேறு, பேச்சும் வேறு.

கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

2025இல் சாட் அதிபர் போட்ட விசா நிறுத்தம் எத்தனை அமெரிக்கர்களைத் தொட்டிருக்கும்? என்ஜமேனாவுக்குப் போகும் அமெரிக்கர்கள் உதவிப் பணியாளர்கள், எண்ணெய் நிறுவனத்து ஆட்கள், அதிகாரிகள், கொஞ்சம் மதப் பணியாளர்கள், அவ்வளவுதான். மறுபக்கம் அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும், உறவுகளை வைத்திருக்கும் சாட் குடும்பங்கள். பதிலுக்குப் பதில் என்று எழுதும்போது இரண்டு தட்டிலும் இருப்பதை வாசகருக்குக் காட்டாமல் விட்டால் அது ஏதோ சமமான மோதல் மாதிரித் தெரியும்.

2018இல் சாட் நாட்டுக்குக் கனம் இருந்தது. சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சஹேல் பகுதியில் பிரான்ஸ் நடத்திய படை நடவடிக்கைக்குத் தலைமையகமே என்ஜமேனாதான், பாரிஸிலிருந்தும் அமெரிக்க ராணுவத்துக்குள்ளிருந்தும் சாட் நாட்டுக்காகப் பேச ஆள் இருந்தது. 2024இல் அமெரிக்கச் சிப்பாய்கள் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள், 2025 ஜனவரி இறுதியில் பிரெஞ்சுப் படையும் கடைசித் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது, அதுவும் சாட் அரசே உறவை முறித்ததால். ஆக, மானத்தைப் பற்றிய அந்த வரிகள் வந்தது, பேரம் பேச அதிகம் மிச்சமில்லாத ஒரு அரசிடமிருந்து. அந்த வரிகளின் மதிப்பு இதனால் குறையவில்லை, ஆனால் இது தெரிந்தால்தான் அவை ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தன என்பது விளங்கும்.

அடி எங்கே விழுகிறது என்று தேடுங்கள்

பயண எச்சரிக்கை விஷயத்தில் இது மிக மிக முக்கியம், நம் செய்திகளில் அதிகம் விடுபடுவதும் இதுதான். பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் ஒரு இடத்துக்கு ‘அத்தியாவசியம் தவிரப் போகவேண்டாம்’ என்று சொன்னால், பெரும்பாலான பயணக் காப்பீடுகள் அந்த இடத்துக்குச் செல்லாமல் போய்விடும். காப்பீடு இல்லாமல் சுற்றுலா நிறுவனங்கள் ஆட்களை அங்கே வைத்திருக்காது. ஆக இணையதளத்தில் ஒரு வரி மாறினால் ஓரிரு நாளில் ஹோட்டல் காலி.

2014 மே மாதம் கென்யாவின் மொம்பாசாவில் நடந்தது அதுதான். முந்தைய செப்டம்பரில் நைரோபி வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் சோமாலியாவின் அல் ஷபாப் ஆயுதக் குழு 67 பேரைக் கொன்றிருந்தது. மே 14 அன்று பிரிட்டன் எச்சரிக்கையை மாற்றியது: மொம்பாசா தீவு, அப்புறம் வடக்கே ம்ட்வாபா ஓடையிலிருந்து தெற்கே திவி என்ற ஊர் வரை கடலோரம் 5 கிலோமீட்டருக்குள். இதில் டியானி கடற்கரை இல்லை, விமான நிலையமும் இல்லை, அவற்றை வெளியே விட்டதாகவே எழுதியிருந்தார்கள். சரி, அப்படியென்றால் டியானி ஹோட்டல்கள் தப்பித்தன என்றுதானே தோன்றும்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டியானியிலிருந்து விமான நிலையத்துக்குப் போக அப்போது வழக்கமான வழி லிக்கோனி படகுத்துறை, படகு கொண்டுபோய் விடுவது மொம்பாசா தீவில். எச்சரிக்கைக்கு வெளியே இருந்த கடற்கரைக்குப் போகும் பாதை எச்சரிக்கைக்கு நடுவே ஓடியது. ஓரிரு நாளில் பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பயணிகளை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டன. எச்சரிக்கையோடு ஊர்ப் பெயர் வந்தால் வரைபடத்தைத் திறந்து பாதையையும் பார்க்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அதிபர் உகுரு கென்யாட்டா, இப்படிப்பட்ட எச்சரிக்கைகள் பயங்கரவாதிகளின் கையைத்தான் பலப்படுத்துகின்றன என்றார், வெளியுறவு அமைச்சகம் இது நட்பு நாடு செய்யும் காரியமில்லை என்றது. கூடவே கைவேலையும் நடந்தது. கடலோர விமான நிலையங்களில் கட்டணத்தைக் குறைத்தார்கள், ஊழியர்களை உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கு அந்தச் செலவில் வரிக் கழிவு கொடுத்தார்கள், பின்னால் 2016இல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விசாக் கட்டணத்தையே எடுத்தார்கள். வெளிநாட்டான் வரவில்லையா, நம் ஆள் வந்து தங்கட்டும் என்ற அந்த வரிக் கழிவு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, நேராக ஹோட்டல் தொழிலாளியின் சம்பளத்துக்குப் போகும் பதில் அது.

ஆனால் கென்யா இன்னொரு காரியமும் செய்தது. 2014 ஏப்ரலில், மே எச்சரிக்கைக்கு முன்பே, நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் சோமாலிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து, பலரைக் கசரானி விளையாட்டு மைதானத்தில் அடைத்து வைத்து ஆவணம் சோதித்தார்கள். அகதிகளோடு கென்யக் குடியுரிமை உள்ள சோமாலிகளும் அதில் மாட்டினார்கள். உலகம் நம்மைச் சந்தேகப்படுகிறது என்ற நெருக்கடியில் ஒரு அரசு முதலில் பாய்வது தன் வீட்டிலேயே எளிதில் கைக்கெட்டும் சமூகத்தின் மேல். எந்த நாட்டின் பதிலைப் படித்தாலும் இதைக் கண்டிப்பாகத் தேடுங்கள்: முத்திரை விழுந்த பிறகோ விழும் என்ற பயத்திலோ யாருடைய கதவு நள்ளிரவில் தட்டப்பட்டது? அரசின் அறிக்கையில் இது வராது, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கையில்தான் வரும்.

கோபம் நியாயமாக இருந்தாலும் எச்சரிக்கை உண்மையாக இருக்கலாம்

2015 ஏப்ரல் 1 அன்று கென்யாட்டா பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் விடுத்த புது எச்சரிக்கைகளைச் சாடினார், உலகின் எந்த நாட்டையும்போல கென்யாவும் பாதுகாப்பானதுதான் என்றார். மறுநாள் விடியற்காலையில் காரிஸா பல்கலைக்கழகத்துக்குள் அல் ஷபாப் நுழைந்தது. 148 பேர் செத்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். எச்சரிக்கையைத் திட்டும் அறிக்கையைப் பகிர்வதற்கு முன் இந்த இரண்டு தேதிகளையும் நினைத்துக்கொள்வது நல்லது.

துனிசியாவும் அப்படித்தான். 2015 ஜூன் 26 அன்று சூஸ் கடற்கரை ஹோட்டலில் 38 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், 30 பேர் பிரிட்டிஷார். ஜூலை 9 அன்று பிரிட்டன் தன் மக்களை வெளியே வரச் சொன்னது. துனிசியா துடித்துப்போனது. அரபு எழுச்சிக்குப் பிறகு ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்த ஒரே நாடு, சுற்றுலாவை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள், நாங்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்தோம் என்று பிரதமர் ஹபீப் எஸித் சொன்னார். பயங்கரவாதிகள் விரும்பியதும் இதைத்தான் என்று லண்டனில் இருந்த தூதர் சொன்னார். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் லண்டனில் முடிந்த மரண விசாரணையில் நீதிபதி, சூஸ் போலீஸின் நடவடிக்கை நல்லபடியாகச் சொன்னாலே குளறுபடி, மோசமாகச் சொன்னால் கோழைத்தனம் என்று பதிவு செய்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வேண்டுமென்றே தாமதித்தது அந்த விசாரணையில் வெளியே வந்தது. எச்சரிக்கை நீங்கியது 2017 ஜூலையில்தான், அதுவும் இரண்டு வருடம் பிரிட்டிஷ் நிபுணர்களோடு சேர்ந்து விமான நிலைய, ஹோட்டல் பாதுகாப்பில் வேலை செய்த பிறகு.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே ஆபத்தைப் பற்றி மூன்று நாலு நாடுகளின் எச்சரிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துனிசியாவில் பிரிட்டனைத் தொடர்ந்து டென்மார்க்கும் அயர்லாந்தும் தங்கள் மக்களை வரச் சொன்னன, பிரான்ஸ் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் கையில் தகவல் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஒருவர் மட்டும் சொன்னால், அவர் நாட்டு அரசியலையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

பழைய ஆட்சியின் கடனை யார் கட்டுகிறார்கள்

சூடானைச் சேர்க்காமல் இது முடியாது. பின்லேடனுக்கு 1991 முதல் 1996 வரை கார்டூமில் இடம் கொடுத்தது ஒமர் அல் பஷீரின் ஆட்சி. 1993 ஆகஸ்டில் அமெரிக்கா சூடானைப் பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் அரசுகள் பட்டியலில் போட்டது. 1998இல் நைரோபி, டார் எஸ் சலாம் நகரங்களில் அமெரிக்கத் தூதரகங்களில் பின்லேடனின் அல் கொய்தா வைத்த குண்டு வெடித்து 224 பேர் செத்தார்கள், அதில் அமெரிக்கர்கள் 12 பேர், மற்றவர்கள் பெரும்பாலும் கென்யர்களும் தான்சானியர்களும். 2019 ஏப்ரலில் மாதக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு பஷீர் வீழ்ந்தார். தெருவில் நின்று அவரைக் கவிழ்த்தவர்களில் பலர், நாடு பட்டியலில் ஏறியபோது பிறக்கவே இல்லை.

புதிய பிரதமர் அப்தல்லா ஹம்தோக்கிடம் அமெரிக்கா கேட்டது 33.5 கோடி டாலர், தூதரகக் குண்டுவெடிப்பிலும் யு.எஸ்.எஸ். கோல் போர்க்கப்பல் தாக்குதலிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு. ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் வரிசை நின்றிருந்த நாடு அதைத் திரட்டிக் கட்டியது. 2020 அக்டோபரில் பணத்தோடு சேர்ந்து இஸ்ரேலோடு உறவு என்ற இன்னொரு நிபந்தனையும் மேசைக்கு வந்தது, அதற்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சூடானியர்கள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. டிசம்பர் 14 அன்று, 27 வருடங்களுக்குப் பிறகு, பெயர் நீங்கியது. அதற்கப்புறம்தான் உலக வங்கியின் பழைய பாக்கி தீர்ந்து, 2021 ஜூனில் கடன் தள்ளுபடிக்கு வழி பிறந்தது. அக்டோபரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கெடுத்தது.

நைரோபியில் கை கால் இழந்தவர்களுக்கு நியாயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுத்தது பஷீர் இல்லை, பஷீரால் அடிபட்ட மக்கள். இப்படி ஒரு முத்திரை பல வருடம் ஓடியிருந்தால், போட்டபோது இருந்த அரசும் இப்போது பதில் சொல்லும் அரசும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

மாட்டிக்கொண்டவர் நீங்களாக இருந்தால்

தடைப் பட்டியலில் இருக்கும் நாட்டு பாஸ்போர்ட் உங்களுடையதோ உங்கள் மனைவி, கணவருடையதோ என்றால், பிரகடனத்தில் தடை எந்தத் தேதியில் அமலாகிறது, ஏற்கனவே விசா இருப்பவர்களைத் தொடுகிறதா, எந்தெந்த விசா வகை, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டா என்ற நாலையும் அதன் வாசகத்திலேயே பாருங்கள். வாட்ஸப் ஆடியோவை நம்பி டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், அதை நம்பிக் கிளம்பவும் செய்யாதீர்கள். சுற்றுலா போகும் இடத்துக்குப் பயண எச்சரிக்கை வந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள், பிறகு விமான நிறுவனம். எச்சரிக்கை வருவதற்கு முன் வாங்கிய காப்பீட்டுக்கும் பின் வாங்கியதற்கும் விதி பெரும்பாலும் வேறாக இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. 2025 ஜூன் பிரகடனப்படி முதல் பரிசீலனை 90 நாளில், அதற்கப்புறம் 180 நாளுக்கு ஒரு தடவை. 2017 பிரகடனத்திலும் 180 நாள் கணக்கு இருந்தது, சாட் வெளியே வந்தது கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான். பட்டியல் வெளியான நாளிலிருந்து எண்ணி அந்தத் தேதிகளை உங்கள் போன் காலண்டரில் போட்டு வையுங்கள். அந்த நாள் வரும்போது தலைப்புச் செய்தி எதுவும் இருக்காது, நீங்களே போய் அந்த நாட்டுப் பெயரைத் தேடவேண்டியிருக்கும்.